வேலிக்கு வெளியே நின்று நான் சொன்ன பதில்

எங்கள் ஊருக்குள் வர ஒரே ஒரு தார்ரோடுதான். ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து வரும் அந்த ரோட்டை, ஊரடங்கு வந்த மூன்றாம் நாளே கருவேல முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார்கள். அரசாங்கம் சொன்னதற்கும் மேலே ஒரு படி போய் ஊர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட தடை அது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. வெளியே போய்த் தங்கியவர்கள் திரும்பி வரக் கூடாது. இரண்டாவது விதி எனக்காகவே போட்டது போல இருந்தது. போல என்ன போல, எனக்காகத்தான் போட்டார்கள். அப்போது ஊரில் வெளியே தங்கி வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான்.

விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஒரு வாரம் கொரோனா வார்டில் டியூட்டி, அடுத்த வாரம் லாட்ஜில் தனியறை, பரிசோதனை, மறுபடியும் வார்டு. என் கணவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் வீட்டில் இருந்து எங்கள் மூன்று வயது மகளைப் பார்த்துக்கொண்டார். பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்த ஒவ்வொரு முறையும் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வேலி வரைக்கும் வருவேன். அந்தப் பக்கம் அவர் மகளைத் தூக்கிக்கொண்டு நிற்பார். முதல் தடவை அவள் இரண்டு கையையும் நீட்டி அழுதாள். மூன்றாவது தடவை அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்லை. அன்றைக்குச் சாத்தூர் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினேன். மாஸ்க் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது.

பாதி ஆட்களை வைத்துப் பட்டாசுக் கம்பெனி நடத்தலாம் என்று உத்தரவு வந்ததும் ஊர் இரண்டுபட்டது. கம்பெனி வேன் ஊருக்குள் வர வேண்டுமானால் முள்ளை எடுக்க வேண்டும். எடுக்கலாமா கூடாதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். கம்பெனி போர்மேனும் பேச வேண்டும் என்பதால் கூட்டம் வேலிக்குப் பக்கத்திலேயே நடந்தது. ரோட்டில் கோலப்பொடியால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஓர் ஆளாக நின்றார்கள். வேலிக்கு வெளியே போர்மேனும் நானும் மட்டும். கூட்டம் என்று கணவர் போனில் சொன்னதுமே நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் பேசினார்கள். வயசாளிகள் கூடவே கூடாது என்றார்கள். ஊர் வாசலில் வேப்பிலையும் மஞ்சளும் கரைத்துத் தெளித்தால் போதும் என்றார் ஒருவர். சீக்கு என்பதே கட்டுக்கதை என்றார் இன்னொருவர். வாட்ஸ்அப்பில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியது எங்கள் அடுத்த வீட்டுக்காரி. சங்குசக்கரத்துக்கு மருந்து அடைக்கிறவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். அலுமினியத் தூள் படிந்து அவள் விரல்கள் எப்போதும் வெள்ளி பூசியது போல இருக்கும். வேலை நின்று இரண்டு மாதமாகியும் நகக்கண்ணில் அது போகவில்லை. "ரேசன் அரிசி குடுக்காக, சரி. எம்புட்டு நாளைக்கு வெறுஞ்சோறத் திங்க? எம் புள்ள பால் கேக்கான்" என்றாள்.

கடைசியில் ஊர்த்தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"நர்ஸம்மா, நீங்க அங்கனயே கெடந்து பாக்குறவுக. வேன் போயிட்டு வந்தா சீக்கு வருமா, வராதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

எனக்குத் தெரியும். ஒரே காரில் துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்த ஒரு குடும்பம் முழுவதும் அந்த வாரம் என் வார்டில் கிடந்தது. நெருக்கி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் போகும் வேனில் என்ன நடக்கும் என்று அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் என் கண் தலைவர் மேல் இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் என் கணவர் தோளில் இருந்த பிள்ளையின் முதுகின் மேல் இருந்தது. வேனுக்கு எடுக்கிற முள் எனக்கும் எடுத்ததுதானே என்று மனது கணக்குப் போட்டது.

"மாஸ்க்கக் கழட்டக் கூடாது, ஜன்னலத் தொறந்து வைக்கணும், சீட்டுக்கு ஒருத்தராத்தான் உக்காரணும். அப்படிப் போனா வராது. தைரியமாப் போகலாம்" என்றேன்.

குறையும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வராது என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

வேனை விடுவதென்று முடிவானது. காலையில் எத்தனை தலை போகிறதோ அத்தனை தலைதான் சாயங்காலம் திரும்ப வேண்டும், வேலியில் ஓர் ஆள் நின்று எண்ண வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். அப்ப நானும் வரலாமா என்று கேட்டேன். தலைவர் கும்பிட்டார். "நீங்க கோவிச்சுக்கிடக் கூடாது. அவுக பட்டாசு செஞ்சிட்டு வாராக. நீங்க சீக்காளியத் தொட்டுட்டு வாரீக" என்றார். வேனைப் பற்றி நான் சொன்னதை நம்பினார்கள். என் கையிலிருந்த சீட்டை நம்பவில்லை. போர்மேன் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார். நான் வெயிலில் அங்கேயே நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த வீட்டுக்காரி போன் செய்தாள். அன்று காலை வேனில் வந்த ஒருத்தி இராத்திரி தாய்வீட்டில் தங்கப் போகிறாளாம், ஒரு தலை குறைகிறதாம். "கம்பெனிக்கு ரோடு பிரியுற விலக்குல வந்து நில்லுங்கக்கா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். எனக்கு நோய் இல்லை என்று சீட்டு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. யோசிக்கவே இல்லை, போய் நின்றேன்.

சேலைக்கு மேலே ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அங்கே பெண்கள் வேலை பார்ப்பார்கள். தன்னிடமிருந்த இன்னொரு சட்டையை எனக்கு மாட்டிவிட்டாள். அதன் கையில் படிந்திருந்த தூளைத் தேய்த்து என் விரலிலும் கழுத்திலும் பூசினாள். மாஸ்க்கும் முக்காடும் போட்டதும் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மற்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

வேனில் ஏறியபோதுதான் பார்த்தேன். சீட்டுக்கு மூன்று பேர். நடுவில் பலகை போட்டு அதிலும் ஆட்கள். அன்றைக்கு மழைத்தூறல் என்று ஜன்னலை எல்லாம் அடைத்திருந்தார்கள். நான் கூட்டத்தில் சொன்ன மூன்றில் ஒன்றுதான் மிச்சம், முகத்தில் இருந்த துணி. இப்படிப் போகக் கூடாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நாளைக்கே வேனை நிறுத்தச் சொல்வார்கள், என்னையும் இறக்கிவிடுவார்கள். அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவள் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஊருக்கு வந்தேன். வேலியில் நின்றவன் தலையை எண்ணிவிட்டு முள்ளை இழுத்தான்.

மகள் என்னைப் பார்த்து முதலில் பின்னால் போனாள். பிறகு என் விரலைத் தொட்டு, தன் விரலில் ஒட்டிய வெள்ளியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும். விடியக்காலை அதே சட்டையோடு வேனேறி வெளியே போனேன்.

பத்து நாளுக்குள் வேனில் போனவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அடுத்த வீட்டுக்காரியை என் வார்டுக்கே கொண்டுவந்தார்கள். வருஷக்கணக்காகத் தூள் போன நுரையீரல், தாங்கவில்லை. முழு உடுப்புக்குள் இருந்த என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

"நான் ஒரு நாள்கூட மாஸ்க்கக் கழட்டலக்கா. தண்ணி குடிக்கக்கூட வெளியதான் போவேன்."

குறை சொல்லவில்லை. நான் சொன்னபடி நடந்தும் ஏன் வந்தது என்று நிஜமாகவே கேட்டாள். பேசாம படு என்றேன். மாஸ்க்கை மறுபடி பொருத்தினேன். மூன்றாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். ஊருக்குக் கொண்டுபோக விடவில்லை. நானும் மற்றொரு நர்ஸும்தான் பையில் வைத்துக் கட்டினோம். அவள் நகக்கண்ணில் வெள்ளி அப்படியே இருந்தது.

வேன் கொண்டுவந்ததா, நான் கொண்டுபோனேனா என்று எந்தப் பரிசோதனையும் எனக்குச் சொல்லப் போவதில்லை. இரண்டில் எதுவானாலும் அதில் என் கை இருக்கிறது.

அதற்குப் பிறகு ஊரில் வேலியைப் பற்றிப் பேச்சே இல்லை. சீக்கு உள்ளே வந்துவிட்ட பிறகு முள்ளைப் போட்டு என்ன செய்வது? யாரோ இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள். அடுத்த முறை சீட்டு வந்ததும் நான் ஸ்கூட்டியை நிறுத்தாமல் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரியின் புருஷன் எங்கள் வாசலுக்கு வந்தார். அவள் எனக்குப் போட்டுவிட்ட சட்டை தன்னுடையது, வேண்டும் என்றார். துவைத்து மடித்து வைத்திருந்தேன், தூள் கறை மட்டும் போகவில்லை. வாங்கிக்கொண்டும் அவர் போகவில்லை.

"அன்னைக்குக் கூட்டத்துல சொன்னீகளே. வேன் போனா வரும்னு அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவர் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். நான் வேனில் வந்ததை இன்று வரைக்கும் ஊரில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. என்னிடம் பேசுவதும் இல்லை. என் மகள் தினமும் அவர் வீட்டுக்குப் போய் அவர் பையனோடு விளையாடுகிறாள். அவன் பால் குடிக்கும்போது அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுக்கிறார்.