எஸ்தர் அக்கா கத்தரித்த திரை

ஓய்வுபெற்ற செவிலியர்களான நம் வாட்ஸ்அப் குழுவில் சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் அந்தச் செய்தி வந்தது. எஸ்தர் அக்கா 'அமைதியாகக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அவருடைய மகன் ஆல்பர்ட் அனுப்பியிருந்தான். கை கூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு அழுகை வரவில்லை. 'அமைதியாக' என்ற சொல்லைப் படித்ததும் உடம்பு எரிந்தது. அக்காவோடு வேலை செய்த உங்களுக்கு அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியும். கடைசி மாதங்களில் அவர் எப்படி வைக்கப்பட்டிருந்தார் என்பது தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெண்கள் வார்டில் கட்டில்களுக்கு நடுவே மறைப்பே இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஒரு நாள் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தோம். பெரிய டாக்டர் மாணவர்கள் சூழ உள்ளே வந்தார். அக்கா ஓடிப்போய் வாசலில் கையை விரித்து நின்றுகொண்டார்.

"ஏனுங்க சார், இவங்களுக்குத் துணி மூடற வரைக்கும் வெளியவே நில்லுங்க."

"நான் டாக்டர்மா!"

"தெரியுமுங்க. அவங்களுக்குக் கூச்சமா இருக்குதுங்க. நில்லுங்க."

அதற்காக அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். அவர் அசரவில்லை. கயிறு கட்டி, படுக்கை விரிப்புகளையே திரையாகத் தொங்கவிட்டார். விரிப்பு போதவில்லை என்று சலவைப் பகுதியில் கூச்சல் எழுந்த பிறகுதான் நிர்வாகம் திரைத்துணி வாங்கியது.

கணவர் இறந்த பிறகு, பெரியநாயக்கன்பாளையத்தில் தன் சம்பளத்தில் வீடு கட்டினார். திரைத்துணி எடுக்க டவுனுக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் பளபளப்பான கனத்த துணிகளாக எடுத்துப் போட்டார். அக்கா ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதைய மாட்டுனா பகலா ராத்திரியான்னே தெரியாதுங்க" என்றார். கடைசியில் இளம்பச்சையில் ஒரு மெல்லிய பருத்தித் துணி எடுத்தோம்.

மாட்டும் நாளில் அவர் செய்ததுதான் வேடிக்கை. மேற்கு ஜன்னலோரக் கட்டிலில் நீட்டிப் படுத்துக்கொண்டார். நான் ஸ்டூல் மேல் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னுங் கொஞ்சம் கீழ... போதும், அங்கயே மார்க் பண்ணு" என்று படுத்தபடியே சொன்னார். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் திரை. தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது. படுத்திருப்பவருக்கு மேல்பாதியில் மலையும் வானமும் தெரியும்.

"எல்லாரும் நின்னுக்கிட்டே திரை மாட்டறாங்க அம்மணி. படுத்துக் கெடக்கறவங்க கண்ணுல இருந்து பாக்கோணும்" என்றார்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறியது. புத்தி மட்டும் துளியும் மங்கவில்லை. பட்டறை நடத்தும் ஆல்பர்ட் அந்தச் சமயத்தில்தான் வீட்டைப் புதுப்பித்தான். நான் பார்க்கப் போனபோது அக்காவின் அறையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலைக் கூரையிலிருந்து தரைவரை சாம்பல் நிறத் திரை மூடியிருந்தது. சோபாவுக்குப் பொருத்தமாக எடுத்ததாம். மோட்டாரில் ஓடும் திரை. ரிமோட், ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது.

"மணி என்ன, கண்ணு?" என்று கேட்டார் அக்கா.

"பதினொண்ணுங்க்கா."

"காலையிலயா?"

நான் நேராக ஹாலுக்குப் போனேன். "தம்பி, அம்மாகிட்டக் கேட்டுத்தான் இதை மாட்டுனியா?"

"மேக்கால வெயிலுங்க ஆன்ட்டி. ஏசி குளிர் நிக்க மாட்டேங்குது. அதுவுமில்லாம ரோட்டுல போறவங்க எட்டிப் பாத்தா நல்லாவா இருக்கும்?"

"காலையில ஏதுப்பா மேக்கால வெயிலு?"

அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். ரிமோட்டை எடுத்து நானே திறந்தேன். மலையைப் பார்த்ததும் அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டார். நான் கிளம்பிச் செருப்பு மாட்டுவதற்குள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. மூடிவிட்டார்கள்.

அடுத்த முறை ஆல்பர்ட்டே போனில் கூப்பிட்டான். "ஆன்ட்டி, அம்மாவுக்கு மூளை கலங்கிப்போச்சுங்க. புதுத் திரையக் கிழிச்சுப்போட்டாங்க." போய்ப் பார்த்தேன். நகம் வெட்டிக்கொள்ள என்று உதவிக்கு இருந்த பெண்ணிடம் கத்தரிக்கோல் வாங்கி, வலது கை எட்டிய உயரத்தில் ஒரு தட்டு அளவுக்குத் திரையைக் கத்தரித்து எடுத்திருந்தார். ஓட்டை வழியாக வெயில் அவருடைய மடியில் விழுந்துகொண்டிருந்தது. "வெட்டு நேரா வருல, அம்மணி" என்று கோணிய வாயோடு சிரித்தார். கலங்கிய மூளை இப்படிப் பேசுமா?

மகன் என்ன செய்தான் தெரியுமா? கட்டிலை உள்சுவர் ஓரமாக நகர்த்தினான். திரைத்துணியை மாற்றினான். படபடப்பு என்று டாக்டரிடம் சொல்லித் தூக்க மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்தான். சத்தம் போட்டுப் பார்த்தேன். "எங்க ஊட்டு விசயங்க ஆன்ட்டி" என்று முடித்துவிட்டான். யாருடைய வீடு? அதற்குப் பிறகு நான் போனபோதெல்லாம் அக்கா தூங்கிக்கொண்டே இருந்தார். சுவரைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

துக்கத்துக்குப் போனால் வீட்டில் எல்லாத் திரையும் விலகியிருக்கிறது! கூட்டத்துக்குக் காற்று வேண்டுமாம். அக்காவின் வெறும் கட்டில் மேல் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. என்னால் அடக்க முடியவில்லை. "உசுரோட இருக்கறப்ப இதைய ஒரு நாள் தொறந்துவிட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். ஆல்பர்ட் அழுதான். "நல்லதுக்குத்தானுங்க ஆன்ட்டி செஞ்சேன்" என்றான். பொய் அழுகை இல்லை, அம்மாவின் மேல் அவனுக்குப் பாசம் உண்டு. அதுதான் எனக்கு இன்னும் கோபம். அத்தனை பாசத்திலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

துக்கம் ஆறிவிடும் என்கிறார்கள். ஆறட்டும். அக்காவிடமிருந்து எனக்கு வந்த இந்தக் கோபத்தை மட்டும் நான் ஆறவிடப் போவதில்லை. நம் கூட்டத்தில் படுக்கையில் விழுந்தவர்களைப் பார்க்க இப்போது வாரம் தவறாமல் போகிறேன். வீட்டுக்காரர்கள் கொடுக்கும் காபியை அப்புறம் குடிக்கிறேன். முதலில் கட்டிலுக்குப் போய், என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்கிறேன். அவர்கள் சொன்னதைச் செய்துவிட்டுத்தான் உட்காருகிறேன். உக்கடத்தில் ஒரு வீட்டு மருமகன், "நீங்க இனி வர வேண்டாங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"நாளைக்கும் வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.