கிளிப்பக்கா

கணினியைத் திறக்குமுன் கிளிப்பக்கா ஜன்னலோரத்துத் தண்ணீர்க் குழாயை ஒருமுறை தொடுவாள், உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்கட்டும் என்று. பிறகு பவர் வயரைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுப்பாள். கழற்றிய திருகாணிகள் அவள் உதட்டோரம் இருக்கும். அப்போது யார் என்ன கேட்டாலும் பதில் "ம்" தான்.

மருத்துவமனையின் நூற்றிருபது கணினிகளும் அவள் பொறுப்பு. சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கும் கறுப்புக் கிளிப்தான் அவளுக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தது. எட்டுக் கால் பூச்சி போலப் பலகையில் ஒட்டிக்கிடக்கும் ஒரு சிப்பை அது கவ்வும். கணினி கண் விழித்ததும் முதலில் படிப்பது அந்தச் சிப்பில் எழுதியிருப்பதைத்தான். அதற்குள் வைரஸ் புகுந்துவிட்டால் ஹார்டு டிஸ்கை அழித்தாலும் போகாது, மாற்றினாலும் போகாது.

"எத்தன தடவ வெள்ளையடிச்சாலும், திருடன் அஸ்திவாரத்துல படுத்திருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று செவிலியர்களுக்கு விளக்குவாள். இதையே வீட்டில் சொன்னபோது, "அப்ப வீட்டையே மாத்திடலாமா?" என்றாராம் கணவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ரத்த வங்கிக் கணினியில் மூன்றாம் முறையாக அதே வைரஸ் தலைகாட்டியது. முந்தின நாள்தான் புது டிஸ்க் போட்டிருந்தாள். அறுவை அரங்கில் ஒரு பெண்ணுக்கு வயிற்றைத் திறந்திருந்தார்கள். நான்கு பை ரத்தம் கேட்டிருந்தார்கள். கிளிப்பக்கா நெட்வொர்க் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் தலைமை மருத்துவருக்குப் போன் செய்தாள்.

அவர் மாடியிலிருந்து ஓடி வந்தார். "ஆபரேஷன் நடக்குதும்மா. முடியட்டும், அப்புறம் பாரேன்."

"அதுவரைக்கும் இது சும்மா இருக்காது சார். பக்கத்து மெஷினுக்குத் தாவும்."

"ரத்தம் மாறிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"பேப்பர்ல எழுதுவோம். ரெண்டு பேரு தனித்தனியா சரிபாக்கட்டும். இந்த மெஷின் சொல்றத இனிமே நான் நம்ப மாட்டேன்."

அவர் தலையசைத்தார். ரத்தப் பைகளை எடுத்துக் கொடுக்கும் ஆய்வகப் பெண் பேனாவை எடுத்தாள்.

சிப்பில் இருந்ததைக் கிளிப் வழியாகத் தன் மடிக்கணினிக்கு இழுத்து, தயாரித்தவர்கள் தந்த அசல் பிரதியோடு ஒப்பிட்டாள் கிளிப்பக்கா. ஓரிடத்தில் ஒத்துப்போகவில்லை. அங்கே யாரோ குடியேறியிருந்தார்கள். அசலைத் திரும்ப எழுத ஆறு நிமிடம். அதுவரை கிளிப் மயிரிழைகூட அசையக்கூடாது. நான்காம் நிமிடத்தில் யாரோ கதவை இடித்துக்கொண்டு உள்ளே வர, மேசை ஆடியது. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை இரண்டு கையாலும் கிளிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூக்கு நுனியில் வியர்வை துளிர்த்து நின்றது, துடைக்க வழியில்லை. கணவரிடமிருந்து வந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பின்னால் ஆய்வகப் பெண் ஒவ்வொரு பையின் எண்ணையும் உரக்கப் படிக்க, இன்னொருத்தி அதைத் திருப்பிச் சொன்னாள். மூன்றாவது பை போயிற்று. நான்காவதும் போயிற்று.

எழுதி முடிந்ததை மீண்டும் இழுத்து ஒப்பிட்டாள். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. அரங்கிலிருந்தும் ஆள் வந்து சொன்னார்: தையல் போடுகிறார்கள், அந்தப் பெண்ணுக்கு நாடி சீராக இருக்கிறது. தலைமை மருத்துவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதாம்மா?"

கிளிப்பக்கா ஏழு வருஷமாகத் தன்னோடு அலையும் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின இரண்டு முறையும் இந்த மேசையில் இதை மாட்டித்தான் வேலை பார்த்திருந்தாள். சரியாக இருக்கிறது என்று சற்றுமுன் சொன்னதும் இதுதான். இதன் சிப்பை யார் பார்த்தது?

அதை மூடினாள். குப்புறக் கவிழ்த்து, முதல் திருகாணியில் திருப்புளியை வைத்தாள்.