மதினியும் ஜெம்பேயும்

சிவகாசியில போய் உக்குலேலேக்கு நரம்பு கேட்டுப் பாருங்க. "அது எந்தக் கம்பெனி வெடிம்மா?"ன்னு ஒரு கடைக்காரர் என்கிட்ட கேட்டாரு, சத்தியமா! நாலு நரம்பு வச்ச சின்ன கிட்டாருண்ணேன்னு கையால அளவு காட்டியும் மனுசனுக்குப் பிடிபடல. கடைசியில வெம்பக்கோட்டை அணையில மீன் பிடிக்கிறவககிட்ட தூண்டில் நரம்பு வாங்கி வெட்டி மாட்டுனேன். சொன்னா நம்ப மாட்டீக, கடை நரம்ப விட நல்லாப் பேசுச்சு. அன்னைக்கு நான் சோறு வடிக்கவே இல்ல. வீட்டுக்காரர்தான் போய் பரோட்டா வாங்கிட்டு வந்தாரு.

எனக்கு வேலை ஆப்செட் பிரஸ்ல. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து காலண்டருக்குப் படமும் தேதியும் அமைக்கணும். முருகன், லட்சுமி, ரோசாப்பூ, கன்னத்துல கை வச்ச குழந்தை, வருசம் பூரா இதேதான். பாட்டு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. போன்ல பாத்து, தப்பும் தவறுமா நானே பிடிச்சுக்கிட்டதுதான். எங்க ஊர் கும்மி மெட்ட எடுத்து உக்குலேலேல போடுவேன். எங்கேயோ ஆப்பிரிக்காவுல அடிக்கிற தாளத்த அதுக்கு அடியில வச்சுப் பாப்பேன். ரெண்டும் ஒட்டிக்கிச்சுன்னு வைங்க, ஐயோ, அந்தச் சந்தோசத்த நான் எங்கன போய்ச் சொல்ல! பிரஸ்ல மெஷின் ஓடுற சத்தத்துக்கும் மேசையில தாளம் தட்டுவேன். "ஆர்டர் நிக்குதும்மா"ன்னு மேனேஜர் தலைக்கு மேல வந்து நிப்பாரு.

அப்படி ஒரு கிறுக்குலதான் ஜெம்பே வாங்குனேன். மேற்கு ஆப்பிரிக்கா மேளம். மரத்தக் குடைஞ்சு, மேல ஆட்டுத் தோலு போட்டு, சுத்திக் கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு வெறுங்கையால அடிக்கணும். ஓரத்துல தட்டுனா 'டக்'குங்கும். நடுவுல உள்ளங்கையால ஓங்கி அடிச்சா 'தொம்'முங்கும். அந்தத் தொம் இருக்கே, நேரா நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கிடும். பார்சல விருதுநகர் ஸ்டேஷன்ல இருந்து எடுத்துட்டு வந்தது எங்க தெரு லோடு ஆட்டோ அண்ணன். பட்டாசுப் பெட்டி ஏத்துறது அவருக்குத் தொழில். அம்மன் கோயில் பொங்கல் வந்தா உறுமி அடிப்பாரு. ஆக உக்குலேலே நான், உறுமி அவரு. ஜெம்பேக்குத்தான் ஆள் இல்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில நானும் ஆட்டோ அண்ணனும் வாசிச்சுக்கிட்டு இருக்கோம். காய்ஞ்ச வடகத்த அள்ள எங்க மதினி மேல வந்தாக. மதினின்னா என் கூடப் பிறந்த அண்ணன் பொண்டாட்டி, அடுத்த வீடுதான். இருபது வருசமா பட்டாசுக் கம்பெனில வெடிக்குள்ள மருந்து செலுத்துற வேலை. "நான் இதத் தொட்டுப் பாக்கட்டா தாயி?"ன்னு கேட்டு ஜெம்பே முன்னால உக்காந்தாக. விரல் நுனியால ஓரத்துல தட்டுனாக பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு! கும்மித் தாளம் அச்சுப் பிசகாம வந்து விழுகுது. "மதினி, நீங்க எங்க கூடச் சேந்துருங்க"ன்னு கத்திட்டேன். அண்ணன் உறுமியக் கீழ வச்சுட்டு ஒரு கும்பிடு போட்டாரு.

எல்லாம் சரி, ஒண்ணே ஒண்ணுதான் வரல. அந்தத் தொம்.

நாங்க ஒரு பாட்டு கட்டுனோம். வார்த்தை கிடையாது, வெறும் மெட்டுதான். மதினியோட தனி மேளம்தான் தொடக்கம். நடுத்தோல்ல ஓங்கி ஒரு தொம், அது அடங்குனதும் உறுமி, அதுக்குப் பின்னால நான். மதினி கைய ஓங்குவாக. வேகமா கீழ வரும் கை, தோலுக்கு ஒரு விரக்கடை மேல வந்ததும் நின்னுபோகும். அதுக்கப்புறம் தூங்குற பிள்ளையத் தட்டுற மாதிரி மெல்ல ஒரு தட்டு.

"மதினி, அது தோலு, பிஞ்சு போகாது. அடிங்க!"

"அடிக்கத்தான செய்யுறேன்."

"எங்கன அடிக்கீக? தடவுறீக!"

"விடுத்தா, உங்க மதினி மேளத்துக்குத் தாலாட்டுப் பாடுறாக"ன்னு அண்ணன் சிரிப்பாரு. எனக்குச் சிரிப்பு வராது. எனக்குக் கோவம் மூக்குக்கு மேல நிக்கும், ஊருக்கே தெரியும்.

அந்த நேரம் பாத்து ஒரு சேதி வந்துச்சு. மதினி பிறந்த ஊரு வெம்பக்கோட்டைப் பக்கம். அங்கன மாட்டுப் பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி வைப்பாக. சாக்கு ஓட்டத்துக்கும் உறியடிக்கும் நடுவுல எங்களுக்குக் கால் மணி நேரம் தாரோம்னாக. எங்களுக்கு மேடை! நான் தெருவுலயே குதிச்சேன். பிரஸ்ல பாதி ஆளுகிட்ட சொல்லி முடிச்சுட்டேன். மதினியும் கம்பெனில எல்லார்கிட்டயும் சொல்லிட்டாக, "நான்தான் ஆரம்பிக்கேன், வந்து பாருங்க"ன்னு.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில ஒத்திகை. அன்னைக்கும் கை பாதியில நின்னுச்சு. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ தெரியல, "இப்படிப் பயந்து சாகிறவக எதுக்கு மேளம் தொட வந்தீக? உங்க ஊர்ல வச்சு என் மானத்த வாங்கப் போறீகளா?"ன்னு கேட்டுட்டேன். மதினி ஜெம்பேய மெதுவாச் செவத்தோரம் சாச்சு வச்சுட்டு இறங்கிப் போயிட்டாக. "வாய அடக்குத்தா"ன்னு அண்ணன் சொன்னாரு.

மறுநாள் மனசு கேக்கல. மதினி வீட்டுக்குப் போனேன். என்னையப் பாத்ததும் "வா தாயி, சாப்பிட்டியா?"ன்னு ஒரு மாறுதலும் இல்லாமக் கேட்டாக. காப்பி போட அடுப்படிக்குப் போனாக. அப்பத்தான் கவனிச்சேன், எம்புட்டு நாள் அந்த வீட்டுக்குள்ள போயிருக்கேன், ஒரு நாளும் கவனிச்சதில்ல. சில்வர் குடத்த இறக்குறாக, சத்தம் இல்ல. தட்டு மேல தட்டு அடுக்குறாக, சத்தம் இல்ல. பீரோ கதவச் சாத்துறாக, அதுக்கும் சத்தம் இல்ல. எங்க வீட்டுல நான் ஒரு கரண்டி எடுத்தா நாலு வீட்டுக்குக் கேக்கும்.

"மருந்து ரூம்புக்குள்ள எதையும் தட்டக் கூடாது தாயி. இழுக்கக் கூடாது, தொப்புன்னு போடக் கூடாது. இரும்பு ஆகாது. ரப்பர் விரிச்ச தரையில வெறுங்காலோட நடக்கணும். ஒரு ரூம்புக்கு நாலு பேருதான். என் கையில எல்லார் உசுரும் இருக்குன்னுதான் மொத நாளே சொல்லிக் குடுத்தாக. இந்தக் கைகிட்ட நான் அடின்னு சொன்னா அது கேக்க மாட்டேங்கு" அப்படின்னாக, நான் பாத்துக்கிட்டே நின்னதக் கவனிச்ச மதினி.

எனக்கு வெக்கமாப் போச்சு. செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. "மதினி, அந்த மொத அடிய அண்ணன் உறுமியில அடிக்கட்டும். நீங்க அதுக்குப் பின்னால சேந்துக்கோங்க"ன்னேன்.

மதினி காப்பிய நீட்டுன கைய அப்படியே நிறுத்திட்டாக. "வேண்டாம். அது எனக்கு வேணும். ஒரே ஒரு தடவையாச்சும் நான் சத்தம் போட்டுப் பாக்கணும்"ன்னாக. அவுக இப்படி ஒண்ணக் கேட்டு நான் பாத்ததே இல்ல.

மாட்டுப் பொங்கலன்னைக்கு டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்கு ஸ்பீக்கர். முன்னால மண்ணுல மதினி கூட வேலை பாக்குற பொம்பளைக வரிசையா உக்காந்திருக்காக, தலை நிறைய மல்லிகைப்பூ. எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டேங்குது. மைக்செட்காரர் ஜெம்பேக்குக் கீழ ஒரு மைக்க வச்சுட்டு இறங்குனாரு.

மதினி கைய ஓங்குனாக. கை மேலயே நிக்குது. நானும் மனசுக்குள்ள எண்ணுறேன். "என்ன, கரண்டு போயிருச்சா?"ன்னு கூட்டத்துல ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சாக. பொறுக்காம நான் உக்குலேலேய எடுத்தேன். அண்ணன் கண்ணாலயே மிரட்டி என்னைய நிறுத்துனாரு.

தொம்!

ஆத்தாடி, அந்தச் சத்தம்! டிரெய்லர் பலகை அதிருது. மைதானத்துல இருந்த அம்புட்டுத் தலையும் படக்குன்னு கிழக்க திரும்புச்சு. கருவேலங்காட்டுக்கு அங்கிட்டு பட்டாசுக் கம்பெனி ரூம்புக வெள்ளையாத் தெரியும், அந்தத் திசை. பொங்கலுக்குக் கம்பெனி பூட்டிக் கிடக்கு, அது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் திரும்புனாக. நாலஞ்சு பேர் எந்திரிச்சே நின்னுட்டாக. ஒரு அம்மா மடியில இருந்த பிள்ளைய இறுக்கிக்கிட்டா. மேடையில நின்ன நானும் திரும்பிட்டேன்.

மதினி முகத்தப் பாத்தேன். அவ்வளவுதான், எந்திரிச்சுப் போகப் போறாகன்னு நினைச்சேன்.

மறுபடியும் தொம்! இந்தத் தடவை மதினி கூட்டத்தப் பாத்துக்கிட்டே அடிச்சாக. ஒவ்வொரு தலையா மேடைப் பக்கம் திரும்புச்சு. மூணாவது அடி விழுந்ததும் முன்வரிசையில ஒருத்தி குலவை போட்டா பாருங்க, அப்படியே அம்புட்டுப் பொம்பளைகளும் சேந்துக்கிட்டாக! உறுமி உள்ள வந்துச்சு. நான் ரெண்டு இடத்துல தப்பு விட்டேன், ஒருத்தரும் கவனிக்கல. கால் மணி நேரம்னு சொன்னது அரை மணி நேரம் ஓடுச்சு. உறியடிக்காரன் கம்ப ஊண்டிக்கிட்டு ஆடுறான்.

முடிச்சு இறங்குனதும் மதினியத் தேடுனேன். கூட வேலை பாக்குறவக சுத்தி நின்னு ஆளாளுக்குப் பேசுறாக. மதினி செவந்துபோன கைய நீட்டி ஒவ்வொருத்தரையா விரல் விட்டு எண்ணுறாக. கம்பெனிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டா வெளிய ஓடி வந்தவக மொதல்ல செய்யுறது அதுதான், ஆள எண்ணுறது.

எண்ணி முடிச்சு என்னையப் பாத்தாக. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருக்கு, வாயெல்லாம் சிரிப்பு.

"ஒரு ஆளு கூடக் குறையல தாயி. இன்னொரு தடவ அடிக்கட்டா?"