மாமா செய்த மூன்று தேசத்துப் பெண்

ஐம்பதுகளின் தொடக்கம். எந்த ஆண்டு என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் கடைசிவரை வழக்குத் தீரவில்லை. மாதம் தை, நான் மூன்றாம் வகுப்பு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அம்மாவின் தம்பி சிமெண்டில் ஒரு பெண்ணைச் செய்துகொண்டிருந்தார். பகலில் இரும்பு வார்க்கும் பட்டறை, மாலையில் இவள். இடுப்பின் ஒயில் மாமல்லபுரத்துப் பாறையிலிருந்து வந்தது. முகம், பழைய புத்தகக் கடையில் வாங்கிய படப்புத்தகத்தில் இருந்த கிரேக்கச் சிலையினுடையது. கொண்டை, துறைமுகத்தில் ஆப்பிரிக்க மாலுமி ஒருவர் விற்ற மர முகமூடியைப் பார்த்து வைத்தது.

மீன் விற்கும் பக்கத்து வீட்டு அத்தை கூடையை இறக்கிவிட்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இடுப்பு நம்மூரு, மூஞ்சி தொரசானி. கொண்டை யாரு வூட்டுது?"

"மூணு பேரும் ஒரே வூட்ல குடித்தனம் கீறாங்கக்கா."

"சண்டை வராம பாத்துக்க."

அப்பா சிரிக்கவில்லை. ஓவியப் பள்ளிக் கண்காட்சிக்குப் போன மாமாவின் சிலைகள் ஏற்கெனவே இரண்டு முறை திரும்பி வந்திருந்தன. "இந்தத் தபாவும் வேணாம்னுட்டா சிலைக்கு முழுக்குப் போட்டுரு. துணி காயப்போட எடமில்ல" என்றார். மாமா தலையாட்டினார்.

எனக்கு வேறு கவலை. அவள் கண்கள் உரித்த முட்டை போல வெறுமையாக இருந்தன. கோயிலில் புதுச் சிலைக்குக் கடைசியாகக் கண் திறந்து, கண்ணாடி காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மாமா மறந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். சிலையை ஏற்றிப்போக வண்டி வரவிருந்த காலையில், போர்த்தியிருந்த சாக்கை விலக்கி, முக்காலியில் ஏறி, அம்மாவின் கண்மையால் இரண்டு கருவிழி வைத்தேன். கண்ணாடியும் காட்டிவிட்டுச் சாக்கைப் பழையபடி மூடினேன்.

ஓவியப் பள்ளியில் சாக்கைப் பிரித்த பிறகுதான் மாமா மையைப் பார்த்தாராம். வேட்டி நுனியை எச்சிலில் நனைத்து ஒரு கண்ணைத் துடைத்துவிட்டு மற்றதற்குப் போவதற்குள் தேர்வாளர்கள் வந்து நின்றுவிட்டார்கள். மேற்கு உறங்கும்போது கிழக்கு விழித்திருக்கிறது என்றார் ஒருவர். அப்படியல்ல, ஒரு கண் உலகத்தைப் பார்க்கிறது, மற்றது தன்னைப் பார்க்கிறது என்றார் இன்னொருவர். தேநீர் ஆறும்வரை வாதாடிவிட்டுச் சிலையைக் கண்காட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். மாமா மைபட்ட வேட்டி நுனியை மடித்துச் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தவர், விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அப்பாகூட இரண்டு ஜிலேபி எடுத்துக்கொண்டார். நான் மட்டும் அழுதேன். இரண்டு கண்ணோடு அனுப்பிவைத்த பெண்ணை ஒற்றைக் கண்ணியாக்கிவிட்டு, இந்தப் பெரியவர்கள் எதைக் கொண்டாடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.