சுவரில்லாத தண்ணீர்

பத்தாவதில் இரண்டு முறை தோற்றேன். அதன்பிறகு வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலை, பல்லாவரம் பக்கம் கல் குவாரி, கடைசியாகப் பெங்களூர் சாலையில் ஓடிய ஒரு லாரியில் கிளீனர் வேலை. எதிலும் நிலைக்கவில்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை. காலையில் எழுந்ததுமே அன்றைக்கு எங்கே போகப்போகிறேன் என்று தெரிந்துவிட்டால் எனக்குக் கிளம்பவே பிடிக்காது. லாரி அலுத்ததும் அதனால்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர், கிருஷ்ணகிரி. திரும்பும்போது கிருஷ்ணகிரி, ஆம்பூர், ராணிப்பேட்டை. ஓட்டுநர் டீ குடிக்கிற கடைகூட மாறாது.

அம்மா என்னைக் கையோடு இழுத்துக்கொண்டுபோய் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய தொழிற்பள்ளியில் விட்டாள். டீசல் மெக்கானிக் பிரிவு. வகுப்பில் முழு மீசை வைத்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டாம் வருஷம் எல்லோரையும் ஒரு மாதம் வெளியே வேலை பழக அனுப்புவார்கள். மற்றவர்களுக்கு பஸ் டிப்போவும் அம்பத்தூர் தொழிற்சாலைகளும் கிடைத்தன. எனக்கும் இன்னொருவனுக்கும் மெட்ராஸ் துறைமுகத்தில் கடலோரக் காவல் படையின் படகுப் பட்டறை கிடைத்தது. அந்தப் படையை ஆரம்பித்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே ஒரு அதிகாரி எங்கள் பெரிய சாமியாருக்குப் பழக்கம். என்னோடு வந்தவன் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக்காரன். அவனுடைய அப்பா எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேனாக வந்தவர். அவன் அதே தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்குச் சொல்லிவைத்திருந்தான். கடலை அவன் விட்டுவிட்டு வந்திருந்தான். நான் அதைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

செய்தி கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. படகில் ஏறிக் கரை மறைகிற தூரம் போக வேண்டும். அதுவரை நான் போன இடமெல்லாம் யாரோ போட்ட சாலைமேல்தான் போயிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன்.

"கடலுக்குப் போறியா? கடலு இன்னா உங்கப்பன் வூட்டு ஏரியா? பட்டறையில ஸ்பேனர் புடிக்கச் சொன்னா ஸ்பேனர் புடிச்சிட்டு வா."

விடியும்போதே சைக்கிளை மிதித்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வருவேன். பாசஞ்சர் பிடித்து, தாம்பரத்தில் மின்சார ரயிலுக்கு மாறி, பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே துறைமுகத்தின் வாசல். கூட்டாளி தாம்பரத்தில் சேர்ந்துகொள்வான். சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பீச்வரை தூங்குவான். நான் கதவோரம் நின்றுகொண்டே வருவேன்.

பட்டறையில் எங்களைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மலையாளி. என்ஜின் ஆள். தலை நரைக்காமல் புருவம் மட்டும் நரைத்தவர். அங்கே பாதிப்பேர் இந்தி பேசினார்கள். இவர் எங்களுக்காகத் தமிழ் மாதிரி ஒன்று பேசினார். துருவைச் சுரண்டினோம். வடிகட்டிகளை டீசலில் கழுவினோம். டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி என்ஜினைக் கிளப்பப் பழகினோம். படகு புறப்படும்போது கரையில் கட்டிய கயிற்றை அவிழ்த்துப் போடுவது எங்கள் வேலை. போட்டதும் படகு திரும்பி, துறைமுக வாய்க்குப் போய், அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் மறையும். நான் கயிறு கட்டுகிற இரும்புக் கட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"டா, படம் முடிஞ்சு. வா, துரு இருக்கு," என்பார் மலையாளி.

நான் தினமும் கேட்டேன். மூன்றாம் வாரம் அவர் அதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார். கடைசி வாரத்தில் ஒரு படகு காலையில் போய் மாலையில் திரும்பும். எங்களை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் நீச்சல் தெரியாதவனை ஏற்ற மாட்டார்கள். சனிக்கிழமை பரீட்சை. கரையிலிருந்து குதித்து, உள்ளே மிதக்கிற சிவப்பு மிதவையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நடுவில் வேறு எதையும் தொடக்கூடாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் நடக்கக் கற்றதற்கு அடுத்தபடி கிணற்றில் குதிக்கத்தான் கற்றோம். மோட்டார் கொட்டகைக் கூரையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து அடியில் கிடக்கிற மண்ணை அள்ளிவருவேன். அந்தக் கிணற்று நீச்சலுக்கு ஒரு சட்டம் உண்டு. மேலிருந்து ஆட்கள் குதித்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால் யாரும் நடுவில் நிற்கக்கூடாது. தண்ணீருக்கு மேலே வந்ததும் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். சுவரைத் தொட்டு, உந்தி, மறுபடி இடப்பக்கம். எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றினால் மோதிக்கொள்ள மாட்டோம். எதிர்ப்பக்கம் சுற்றுகிறவன் மண்டையில் குட்டு விழும். அப்படிப் பழகியவன் நான்.

ரயிலில் கூட்டாளியிடம் இதைச் சொன்னேன்.

"லே, கெணத்துல கெடந்து சுத்துகது நீச்சலாலே? நேரா நீந்தியிருக்கியா?"

"நேரான்னா இன்னாடா? தண்ணில கோடா போட்டு வச்சிருக்கு?"

"ஒரு குளத்துலயாவது எறங்கிப் பாரு மக்கா."

அன்று மாலையே ஏரிக்குப் போனேன். கோடைகாலம். ஏரியின் நடுவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மதகோரம் கிடந்த தண்ணீரில் படுத்துக் கையை வீசினால் முழங்கால் சேற்றில் இடித்தது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவன், "இன்னாபா, எருமைக்குப் பதிலா நீ வந்துட்டியா?" என்றான். எழுந்து வந்துவிட்டேன். மீதி நாட்களில் கிணற்றிலேயே பழகினேன். மூச்சு முட்டுகிறவரை சுற்றினேன். இது போதும் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை கூட்டாளி முதலில் இறங்கினான். குதிக்கக்கூட இல்லை, ஏணியில் இறங்கி, நெற்றியில் சிலுவை போட்டு, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனான். மிதவையைத் தொட்டான், வந்தான். தலைமுடிகூட முழுசாக நனையவில்லை.

நான் கரை விளிம்பிலிருந்து பாய்ந்தேன். நல்ல பாய்ச்சல். மேலே நின்ற வடக்கத்தி ஆட்கள் கை தட்டியது தண்ணீருக்குள் போகுமுன் காதில் விழுந்தது. உள்ளே எண்ணெய் நாற்றம். கண்ணைத் திறந்ததும் உப்பு எரித்தது. மேலே வந்து கையை வீசினேன். வேகமாகத்தான் போனேன். மேலிருந்து சத்தம் கேட்டது. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று எண்ணி இன்னும் வேகமாக வீசினேன். கையில் ரப்பர் தட்டியது. உந்திக்கொண்டு இடப்பக்கம் திரும்பினேன்.

பக்கத்தில் கட்டியிருந்த ஒரு தட்டைப் படகின் விலாவில் தொங்கிய லாரி டயர் அது. மிதவை எனக்கு வலப்பக்கம் எங்கேயோ ஆடிக்கொண்டிருந்தது.

ஏறி வந்ததும் மலையாளி சொன்னார், "தொட்டு."

"நான் தொடல சார்."

"எடா, காலால் உந்தியும் செய்தல்லோ! நான் கண்டு, இவன் கண்டு, டயரும் கண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நிஜமாகவே தொட்டது நினைவில் இல்லை. கை அதுபாட்டுக்குச் செய்த வேலை. இன்னொரு முறை விடும்படி கெஞ்சினேன். அவர் அதிகாரியின் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒருமுறை என்றார்.

நான் சாப்பிடவில்லை. கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே வழி சொன்னான். "நாலு கைக்கு ஒருக்க தலையைத் தூக்கு. மெதவைக்குப் பொறத்தால ஒரு கிரேன் நிக்குது பாத்தியா? அதையே பாத்துட்டுப் போ. வேற ஒண்ணையும் நெனைக்காத."

இரண்டாம் முறை பாயாமல் ஏணியில் இறங்கினேன். நாலு கை, தலை, கிரேன். நாலு கை, தலை, கிரேன். நேராகப் போனேன். "போலே, போலே!" என்று கூட்டாளி கத்துவது பின்னால் கேட்டது. மிதவையின் துருகூடத் தெரிகிற அளவு நெருங்கிவிட்டேன். அங்கேதான் எனக்குள் ஏதோ நின்றது. கிணறாக இருந்தால் அதற்குள் எத்தனையோ முறை சுவர் வந்து போயிருக்கும். கையை நீட்டினேன், தண்ணீர். இன்னும் நீட்டினேன், தண்ணீர். மூச்சு வாங்கவில்லை, களைப்பும் இல்லை. ஆனால் கால் கீழே தொங்கி, உடம்பு இடப்பக்கமாகத் திரும்பியது. மறுபடி தலையைத் தூக்கியபோது எதிரே இருந்தது கிரேன் இல்லை. கரையும், அதன்மேல் வாயைத் திறந்தபடி நின்ற கூட்டாளியும்.

திரும்பிப் போயிருக்கலாம். சில கைகள்தான். போக முடியவில்லை. கரைக்கு வந்தேன்.

மலையாளி துண்டை நீட்டினார். அப்போது அவர் சிரிக்கவில்லை. "கடலில் மதில் இல்ல, கேட்டோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போனார்.

செவ்வாய்க்கிழமை படகு புறப்பட்டது. கூட்டாளி ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கழுத்துவரை கட்டிக்கொண்டு தளத்தில் உட்கார்ந்திருந்தான். நான் போகத் துடித்தேன், அவனோ போகாமல் இருக்கத் துடித்தான். "வயித்துவலின்னு சொல்லட்டாலே?" என்று காலையில்கூடக் கேட்டிருந்தான். நான் கயிற்றை அவிழ்த்துப் போட்டேன். படகு திரும்பியது, துறைமுக வாயைத் தாண்டியது, மறைந்தது. அன்றைக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மாலைவரை வடிகட்டி கழுவினேன்.

திரும்பி வந்தவனைக் கரையிலேயே பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடா பாத்தே?"

"ஒண்ணுமில்லலே. வெயிலு."

"கரை மறைஞ்சுதா?"

"நான் ஒறங்கிட்டேன் மக்கா."

அவனை அடிக்கலாம் போலிருந்தது. ரயில் வந்தபோது அவன் ஏறினான். எனக்கு ஒரு காரியம் இருக்கிறது, அடுத்த வண்டியில் வருகிறேன் என்றேன். ஒரு காரியமும் இல்லை. கால் வடக்கே போயிற்று. ராயபுரம் தாண்டி மீன்பிடித் துறைமுகம்வரை நடந்தேன். அங்கே விசைப்படகுகளை லாஞ்சு என்பார்கள். ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் ஒரு லாஞ்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பட்டறைக்குப் போகவில்லை. அங்கேயே சுற்றினேன். அதற்கடுத்த நாள் ஒரு லாஞ்சில் என்ஜின் பார்க்கிற பையன் ஓடிப்போய்விட்டதாகவும், ஐஸ் ஏற்றிவிட்டு ஆளில்லாமல் நிற்பதாகவும் சொன்னார்கள். போய் நின்றேன். அதை ஓட்டுகிறவர், எல்லோரும் டிரைவர் என்று கூப்பிட்ட பெரிய உடம்புக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ஜின் தெரியுமா?"

"கோஸ்ட் கார்டு பட்டறையில வேலை பழகறேண்ணே."

"அட்ரா சக்கை! எங்கள புடிக்கிற கம்பெனியில இருந்தே ஆளு வந்துட்டான் பாருடா," என்று அவர் கத்த, லாஞ்சில் இருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "வாந்தி எடுப்பியா?"

"தெரியல."

"எடுத்தா கடல் பக்கமா எடு. என்ஜின்ல எடுக்காதே. ஏறு."

அவ்வளவுதான் பரீட்சை. பீச் ஸ்டேஷனுக்கு ஓடி, மாலை வண்டிக்கு வந்த கூட்டாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவிடம் சொல்லிவிடும்படி கேட்டேன்.

"லே, இன்னும் ரெண்டு நாளுலே. பட்டறை கையெழுத்து கெடைக்காட்டி ஸ்கூல்ல பரீட்சை எழுத விடமாட்டாவ."

"தெரியும்."

"ஒனக்கு நீந்தவும் தெரியாதுலே!"

வந்த வண்டியில் அவனை ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்தேன். கையெழுத்து விஷயத்தில் அவன் சொன்னபடியே நடந்தது. பரீட்சை எழுத விடவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. டீசல் மெக்கானிக் என்று ஒரு தாளில் எழுதி வாங்காமலேதான் பிறகு பல ஊர்களில் அந்த வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை புறப்பட்டோம். துறைமுக வாயைத் தாண்டியதும் லாஞ்சு தூக்கிப் போட ஆரம்பித்தது. கீழே என்ஜின் குழிக்குள் டீசல் புகையும் மீன் நாற்றமுமாக நான் குழாயைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தலையை வெளியே நீட்டி மூன்று நான்கு முறை வாந்தி எடுத்தேன், சொன்னபடி கடல் பக்கமாகவே. பிறகு எடுக்க ஒன்றுமில்லை. என்ஜின் சீராக ஓடியது. வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் மேலே ஏறிவந்தேன்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருந்தது. இதற்குத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் கை எதையாவது தொடத் தேடியது. மரத்தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கரை எந்தப் பக்கம்ணே?"

டிரைவர் சுக்கானைக் காலால் மிதித்துப் பிடித்தபடி பீடி பற்றவைத்தார்.

"இன்னாத்துக்கு? நீந்திப் போவப் போறியா?"

"இல்லண்ணே. சும்மாதான்," என்றேன்.