வாசலில் தொங்கிய துண்டு

மீசை முதலாளி, ஒரு படகிலிருந்து வெட்டியெடுத்த அந்த அலுமினியத் துண்டைத் தன் பட்டறை வாசலில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார். கரி அப்பிய வெல்டிங், அதன் நடுவில் நீளமாக ஒரு பிளவு. யாராவது கேட்டால் போதும், "இங்க வேலை பார்த்த ஒரு பொம்பளையோட கை வேலை. படகு தண்ணில இறங்கினதும் வாயப் பொளந்துடுச்சு. அன்னிக்கே அனுப்பிட்டேன்" என்பார்.

அந்தப் பொம்பளை என் அத்தை, அப்பாவின் தங்கை. இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியுமாக இளமையை அந்தப் பட்டறையிலேயே கழித்தவள். அலுமினியம் அவளுக்குப் புதிது. பழகிக்கொள்ள நாள் கேட்டாள். "இரும்புக்கு ஓட்டுற அதே மெஷின்தானே, ஓட்டு" என்றவர் மீசை. பழி மட்டும் இவள் தலையில்.

அத்தை அழவில்லை. பட்டறைக்கு நேர் எதிரே பூட்டிக் கிடந்த கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள்.

"வேற இடமே கிடைக்கலையா உனக்கு?" என்றார் அப்பா.

"கிடைச்சுதுண்ணே. அங்கேருந்து அவர் வாசல் தெரியல."

மீசை அந்தத் துண்டைத் தன் கையாலேயே கழற்ற வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வேதியியல். அந்தப் பட்டத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று விழித்துக்கொண்டிருந்த நாளில், கம்பி தானாக ஓடிவந்து உருகி ஒட்டும் மிக் வெல்டிங் மெஷின் வாங்க அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் பளபளவென்று இருந்த ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

"இரும்பு, அலுமினியம், எல்லாத்துக்கும் இது போதும்மா."

"கம்பிச்சுருள் எங்க மாட்டணும்?"

"மெஷினுக்குள்ளதான்."

"அங்கேருந்து இத்தனை நீளக் குழாய்ல அலுமினியக் கம்பியத் தள்ளினா வழியிலயே மடங்கிக் குருவிக்கூடாட்டம் சிக்கிடும். பழைய பட்டறையில பட்டது போதும். சுருள் கையில பிடிக்கிற வெல்டிங் துப்பாக்கியிலயே உட்கார்ற மாதிரி காட்டுங்க."

"ஓ, ஸ்பூல் கன்னா?" என்றவர் உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார்.

அவர்கள் பேரம் பேசும்போது நான் அதனுடன் வந்த கையேட்டைப் புரட்டினேன். உருகும் இடத்தைக் காற்றுப் படாமல் மூடும் வாயு, அலுமினியத்துக்குச் சுத்தமான ஆர்கான் மட்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

"அத்தை, மீசை பட்டறையில என்ன கேஸ் போட்டீங்க?"

"இரும்புக்குப் போடுற கலப்புக் கேஸ்தான். ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும். மாத்தணுமான்னு கேட்டேன், அதுக்கெல்லாம் நேரமில்லன்னுட்டார்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. சூடான அலுமினியம் கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், மிஞ்சுவது கரி. அந்தக் கரிதான் எதிர் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்னேன். அத்தையின் கண் மின்னியது. என் படிப்பு முதல்முறையாக ஒருவருக்கு உதவியிருந்தது. நான் கொடுத்தது விளக்கமா, சாணை பிடித்த கத்தியா?

அடுத்த சில நாட்கள் கொட்டகையிலேயே கழிந்தன. புது ஸ்டீல் பிரஷ்ஷை அலுமினியத்துக்கென்று தனியே ஆணியில் மாட்டினாள். "இரும்புத் தூள் ஒட்டினா அலுமினியம் கெட்டுடும். இதால இரும்பத் தொட்டே, கைய ஒடிச்சுடுவேன்" என்றாள் என்னிடம். தகட்டை அசிட்டோனில் துடைத்து, பிரஷ் போட்டு, துப்பாக்கியைப் பின்னால் இழுக்காமல் முன்னே தள்ளிப் பழகினாள். கம்பி ஓடும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், சீறல் ஒரே சுருதிக்கு வரும்வரை விடவில்லை. ஒவ்வொரு முறையும் முகமூடியைத் தூக்கியதும் முதலில் பார்த்தது எதிர் வாசலைத்தான்.

பிளந்த படகை எடுத்துப் போகப் படகுக்காரர் மீசையின் பட்டறைக்கு வந்த அன்று, அத்தை தெருவைக் கடந்தாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் எங்க கொட்டகைக்கு வந்துட்டுப் போங்க. மொதலாளியும் வரட்டும்."

"எதுக்கு? இன்னொண்ணப் பொளந்து காட்டவா?" என்று சிரித்தபடி மீசை வந்தார். பட்டறை ஆட்களும் பின்னாலேயே வந்தார்கள்.

கதவு வேலைக்கு வைத்திருந்த கலப்புக் கேஸ் சிலிண்டரை அத்தை மாட்டினாள். தகட்டில் ஒரு கோடு ஓட்டினாள். கரி பொங்கியது. ஓட்டை ஓட்டையாக ஒரு கறுப்புக் கோடு.

மீசை துள்ளினார். "பார்த்தீங்களா? அன்னிக்கும் இதேதான்! அச்சு அசல் இதேதான்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்ற அத்தை, ஆர்கான் சிலிண்டருக்கு மாற்றி, அதே கம்பியால் பக்கத்திலேயே இன்னொரு கோடு ஓட்டினாள். மீன் செதிலாய் வெள்ளிக் கோடு.

"கேஸ மட்டுந்தான் மாத்தினேன் அண்ணே. உங்க படகுக்கு எதைப் போட்டாங்கன்னு மொதலாளியே சொல்லட்டும்."

படகுக்காரர் மீசையைப் பார்த்தார். மீசை தரையைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களில் ஒருவரிடம், "அதக் கழட்டிப் போடுப்பா" என்று முனகினார்.

"அவர் மாட்டலையே. மாட்டின கைதான் கழட்டணும்" என்றாள் அத்தை.

யாரும் நகரவில்லை. மீசையே ஏணி போட்டு ஏறினார். சங்கிலியோடு கழற்றிய துண்டைக் குப்பையில் வீசப் போனவரிடமிருந்து அத்தை அதை வாங்கிக்கொண்டாள். கொட்டகைக்குத் திரும்பி, தெருவைப் பார்த்த தூணில் ஆணி அடிக்கத் தொடங்கினாள்.

"அதான் கழட்டிட்டாரே அத்தை, போதாதா?"

"காலையில அவர் ஷட்டரத் தூக்குறப்ப முதல்ல இதுல முழிக்கணும்டி."

இது நியாயமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் வருவதற்குள் அத்தை கையை நீட்டினாள். சங்கிலியை எடுத்துக் கொடுத்தேன்.