றுமைஸாவின் முதலாம் தெரிவு

மருதமுனையில் எங்கள் ஒழுங்கையில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். பல்கலைக்கழக விண்ணப்பம் என்றால், அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டு பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள். வீடு கட்டும் மீராமுகைதீன் மேசனாரின் இளைய மகள் றுமைஸாவும் வந்தாள். கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு. பொறியியலை முதலாம் தெரிவாகப் போட்டேன். அவள் கேட்டதற்காகச் சட்டத்தையும் ஒன்பதாவதாகச் சேர்த்துவிட்டேன்.

பல்கலைக்கழகத் தெரிவு வெளியான காலையில் கேக்குடன் போனேன். மேசனார் வாசலிலேயே போனை நீட்டினார். "தம்பி, இதில என்ன கிடக்கு? வாசிங்க."

சட்டபீடம், கொழும்பு.

மூன்று தரம் பார்த்தேன்.

"பிழையில்ல காக்கா," என்றாள் றுமைஸா. "கடைசி நாள் நான்தான் வரிசைய மாத்தின."

"என்ன கா செஞ்சிரிக்காய்!" அவளுடைய உம்மா றாபியா தலையில் கை வைத்தார். "ஊரெல்லாம் இஞ்சினியர் எண்டு சொல்லித் திரிஞ்சனே!"

"லோயர் எண்டு மாத்திச் சொல்ல இன்னொரு சுத்துத் திரியுங்க உம்மா."

மேசனார் சிரிக்கவில்லை. "முப்பது வருசம் வெயிலில கல்லுக் கட்டின நான். நீ வீட்டுப் பிளேன் கீறி வேலை வாங்குவாய் எண்டு நெனச்சன்."

"வீடு கட்ட நீங்க போதும் வாப்பா. ராத்தாட வீட்டையும் நீங்கதானே கட்டின? அது இப்ப ஆருட்ட?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். மூத்தவள் ஸப்னாவுக்கு மேசனார் தன் கையாலேயே கட்டிக்கொடுத்தார். ஆனால் விவாகரத்தானபோது இரண்டு உடுப்புப் பைகளோடு வெளியே வந்தது ஸப்னாதான். ஏதோ சட்டச் சிக்கல் என்று நினைத்திருந்தேன்.

றுமைஸா அந்த வீட்டின் உறுதிப்பத்திரப் பிரதியை என் முன்னால் வைத்தாள். வீடு மருமகன் பேரில் எழுதப்பட்டிருந்தது.

"அவர் கேட்டாரு. கலியாண நேரம், மறுக்க வெக்கமாப் போச்சு," என்று முனகினார் மேசனார்.

"கீழயும் வாசிங்க காக்கா."

இரண்டாவது சாட்சி, நான். என் கையெழுத்து. பக்கத்தில், அந்த நாட்களில் எங்கும் விடாமல் போடுவேனே, அந்த பீ.ஏ.

தெருவில் படித்த ஆள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பத்திரம் எழுதிய நொத்தாரிசு விரல் வைத்த இடத்தில் ஒப்பமிட்டுவிட்டு வந்தேன். ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

"நீங்க பாத்துத்தான் வெச்சிருப்பீங்க எண்டு நெனச்சன் தம்பி," என்றார் மேசனார். அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

றுமைஸா என் கையிலிருந்த கேக் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நான் படிச்சு முடிச்சு ராத்தாட வீட்டுக்கு வழக்குப் போடுவன் காக்கா. சாட்சிக்கு நீங்க வரணும்."

"ஓம்," என்றேன். அந்தப் பிரதியை எடுத்து, இந்த முறை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.